ஓடாத வேனும் ஓயாத மழையும்

அறுகம்குடாவுக்கு வெள்ளைக்காரரை ஏற்றி இறக்கும் அக்கரைப்பற்று வேன்களுக்கு ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரைதான் சீசன். பிறகு படங்கைப் போர்த்திக்கொண்டு முற்றத்தில் தூக்கம்.

உடனே முதலாளிக்கு ஞானம் பிறக்கும்: "ஓடாத வேனுக்கு எதுக்குத் தம்பி ஃபுல் இன்சூரன்ஸ்? தேர்ட் பார்ட்டி போதும்!" சட்டத்துக்கும் அது போதும்தான். மோதினால் மற்றவனுக்குக் காசு. படங்குக்குக் கீழே கிடப்பது யாரை மோதப்போகிறது?

நவம்பரில் வடகீழ்ப் பருவமழை இறங்கும். வாய்க்கால் முற்றத்துக்கு வரும், தென்னை சாயும், எலி வயரைக் கடிக்கும். தேர்ட் பார்ட்டி ஒரு சதமும் தராது. எலி என்றால் ஃபுல் இன்சூரன்ஸே முகம் சுளிக்கும், அது வேறு கதை.

மிச்சம்பிடிக்க ஆசையென்றால், நிற்கும் வண்டிக்கு வெள்ளம், தீ, களவுக்கு மட்டும் காப்பு உண்டா என்று கொம்பனியில் கேளுங்கள் காக்கா. மழைக்கு முன்னே கேளுங்கள்.