கூகுளில் இல்லாத குத்துவிளக்கு

தேடுபொறியில் ஒரு தளத்தை முன்னுக்குக் கொண்டுவரும் எஸ்.இ.ஓ. வித்தை எனக்குத் தெரியும் என்று சித்தப்பாவிடம் சொன்னது முழுப் பொய் இல்லை, யூடியூபில் பார்த்திருந்தேன். கும்பகோணத்தில் அவருக்குப் பாத்திரக் கடை. நாச்சியார்கோவில் குத்துவிளக்குதான் முக்கிய வியாபாரம். "வெப்சைட் போட்டாச்சு, கூகுள்ல தேடினா வரமாட்டேங்குதேப்பா" என்றார். "கொஞ்ச நாள் பொறுங்க சித்தப்பா, முதல் பக்கத்துல நிக்க வைக்கிறேன்" என்றேன். யோக்கியமான எஸ்.இ.ஓ.காரர் யாரும் இந்த வாக்குறுதியைத் தரமாட்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

முதலில் முகப்புப் பக்கத்தைத் திருத்தி எழுதினேன். "நாச்சியார்கோவில் குத்துவிளக்கு வாங்க நினைப்பவர்கள் நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்குப் பெயர்பெற்ற எங்கள் நாச்சியார்கோவில் குத்துவிளக்குக் கடையில் நாச்சியார்கோவில் குத்துவிளக்கை..." அதற்கு மேல் சித்தப்பாவால் படிக்க முடியவில்லை. "என்னடா, யார் பேருக்கு அர்ச்சனை?" என்று கேட்டார்.

பிறகு கீவேர்ட்ஸ் டேக். பக்கத்தின் நிரலில், வருகிறவர் கண்ணுக்குப் படாமல் இருக்கும் ஒரு வரி அது. ராத்திரி கண்விழித்து அதில் திருத்தணியிலிருந்து கன்னியாகுமரி வரை ஊர் ஊராக அடைத்தேன். தேடல் வரிசைக்கு அந்த டேகைக் கணக்கிலேயே எடுப்பதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டதாம். நான் பார்த்த வீடியோக்காரருக்கு அந்தச் சேதி எட்டவில்லை போலிருக்கிறது.

எனக்குத் தலைக்கனம் ஏறியது வெள்ளை எழுத்து வித்தையில்தான். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக வேண்டிய சொற்களைத் தூவிவிட்டால் மனுஷன் கண்ணுக்குத் தெரியாது, இயந்திரம் மட்டும் படித்துக்கொள்ளும். ஆளுக்கு ஒன்று, இயந்திரத்துக்கு ஒன்று காட்டிய குற்றத்துக்காக 2006இல் பிஎம்டபிள்யூவின் ஜெர்மன் தளத்தையே கூகுள் தூக்கி வெளியே போட்டது. அது தெரியாமல் கடை முகவரிக்குக் கீழேயே தூவி வைத்தேன். ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவர், அந்த முகவரியை போனில் அழுத்திப் பிடித்து நகலெடுத்து, "இந்த அட்ரஸ்தானே?" என்று சித்தப்பாவுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். கதவு எண், தெரு, பின்கோடு. அதை ஒட்டியபடி "மலிவு விலை சீர்வரிசை விளக்கு திருச்சி மதுரை கோவை மொத்த விலை சில்லறை விலை மலிவு விலை". "மலிவு விலைன்னு நீ ரெண்டு தடவை போட்டிருக்கே, அவர் இப்ப தள்ளுபடி கேக்குறார்" என்றார் சித்தப்பா.

இணைப்பு விஷயம் இன்னும் மோசம். கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் படிக்கும்போது கண்டுபிடித்த தத்துவம் எளிமையானது. ஒரு தளம் இன்னொரு தளத்துக்குக் கொடுக்கும் இணைப்பை ஓட்டாக எண்ண வேண்டும். ஓட்டுப் போடுகிறவருக்கே எவ்வளவு செல்வாக்கு என்று பார்த்து அந்த ஓட்டின் கனத்தை முடிவுசெய்ய வேண்டும். ஓட்டு என்றதும் நம் ஊர்க்காரனுக்கு என்ன யோசனை வரும்? காசு கொடுத்து வாங்கினேன். சூதாட்டத் தளத்திலிருந்து, முடி வளர்க்கும் எண்ணெய்த் தளத்திலிருந்து, என்ன மொழி என்றே புரியாத தளங்களிலிருந்தெல்லாம் குத்துவிளக்குக்கு ஓட்டு விழுந்தது. இந்த மாதிரி ஓட்டைப் பிடிக்கத்தான் கூகுள் 2012 ஏப்ரலிலேயே பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. பாடத்திட்டம் மாறிய பிறகு பழைய கைடை மனப்பாடம் செய்திருக்கிறேன்.

ஆனாலும் ஒரு சாயங்காலம் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேடினால், கடைதான் முதலில்! சித்தப்பா டிகிரி காபி வரவழைத்தார். காபி ஆறுவதற்குள் சென்னையிலிருந்து சித்தியின் தம்பி போன் செய்து, "குத்துவிளக்குன்னு அடிச்சேன், நம்ம கடை எங்கயும் இல்லையே" என்றார். இருக்கும் இடத்தைப் பொறுத்து முடிவுகள் மாறும். போதாக்குறைக்கு நான் தேடியது கடையின் பெயரைப் போட்டு. அப்படியும் முதலில் வந்தது நம் தளம் இல்லை. யாரோ ஒரு நல்ல மனுஷர் கூகுள் மேப்ஸில் எப்போதோ சேர்த்து வைத்திருந்த கடை விவரம்.

அப்போதுதான் நம் தளம் கூகுளில் எப்படி இருக்கிறது என்று காட்டும் சர்ச் கன்சோலைத் திறந்தேன். முதல் நாளே திறந்திருக்க வேண்டியது. எங்கள் பக்கம் கூகுளில் இல்லவே இல்லை என்றது அது. காரணம், தளத்தைக் கட்டிய வேர்ட்பிரஸ் மென்பொருளின் அமைப்புகளில் ஒரு சின்னப் பெட்டி. தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதற்காக வைத்திருப்பது. தளம் தயாராகிக்கொண்டிருந்தபோது டிக் போட்டது நான்தான். ஆக, என் தகிடுதத்தம் எதற்கும் தண்டனை கிடைக்கவில்லை. பட்டியலிலேயே இல்லாதவனை எங்கிருந்து நீக்குவது?

டிக்கை எடுத்தேன். வெள்ளை எழுத்தையும் அர்ச்சனையையும் அழித்தேன். விளக்கின் உயரம் எத்தனை அங்குலம், எடை எத்தனை கிலோ, தண்டு ஆடினால் மரையை எப்படி முடுக்குவது என்று சித்தப்பா நாள் முழுக்க போனில் சொல்வதை அப்படியே எழுதினேன். சில வாரங்களில் தளம் தலைகாட்டியது, இரண்டாம் பக்கத்தில். தளத்தைப் பார்த்துவிட்டு வந்த முதல் அழைப்பை சித்தப்பா ஆவலாக எடுத்தார். "சார், உங்க வெப்சைட்டை கூகுள் முதல் பக்கத்துக்குக் கொண்டுவர்றோம்" என்றது ஒரு குரல்.

சித்தப்பா என்னைப் பார்த்தபடியே கேட்டார்: "மாசம் எவ்வளவு ஆகும் தம்பி?"