பொட்டி வாங்கப் போற மாப்ளைக்கு

வா மாப்ள, உக்காரு. நீ வாயத் தொறக்குறதுக்கு முந்தியே சேதி ஊரச் சுத்தி வந்துருச்சு. எங்கக்கா ஏலச்சீட்டுத் தள்ளி எடுத்த காசுல கம்ப்யூட்டர் வாங்கப் போறியாம். ஆப்பிளா, அசெம்பிளான்னு முடிவு தெரியாம ராத்தூக்கம் இல்லையாம். உங்கப்பன் பொண்ணு பாக்க வந்தன்னைக்குக்கூட இம்புட்டு யோசிக்கல. யோசிச்சிருந்தா எங்கக்கா தப்பிச்சிருக்கும்.

எனக்கென்ன தெரியும்? விராலிமலை அடிவாரத்துல, மயிலு அகவுறதக் கேட்டுக்கிட்டுத் திண்ணையில கெடக்குறவன். ஆனா மதுரை ரோட்டு டீக்கடையில ஒக்காந்தா பயலுக பேசுறது காதுல விழத்தானே செய்யும்? விழுந்ததச் சொல்றேன். வேணுங்கிறத எடுத்துக்க, வேணாங்கிறத இங்கயே வச்சுட்டுப் போ.

மொதல்ல, எதுக்கு இந்தப் பொட்டி? ஜல்லிக்கட்டு வீடியோவ வெட்டி ஒட்டணுமா? நல்லது. 2019-ல நம்மூருத் திடல்ல ஒரே நாள்ல ஆயிரத்து முந்நூறுக்கு மேல காளை அவுத்துவிட்டு உலக சாதனைன்னு பேரெடுத்தாங்களே, அப்ப நீ செல்போனத் தூக்கிக்கிட்டு நின்ன. ஒரு காளையும் உன் படத்துல முழுசா விழல. வாலு விழுந்துச்சு, தூசி விழுந்துச்சு. அதுக்குக் கம்ப்யூட்டர் என்ன பண்ணும்னு தெரியல. சரி, வீடியோன்னே வச்சுக்குவோம். கேமுக்குன்னு நான் சொன்னேனா? நீயே ஏன் சிரிக்கிற?

ஆப்பிள்னா மேலு, அசெம்பிள்னா கீழுன்னு யாரோ உன் காதுல ஓதியிருக்கான். அவனுக்கு ஒரு பழைய சங்கதி சொல்லு. 1976-ல அமெரிக்காவுல ஸ்டீவ் வோஸ்னியாக்னு ஒருத்தன் சொந்தமா ஒரு போர்டு பண்ணினான். இவன் கால்குலேட்டர வித்தான், கூட்டாளி ஸ்டீவ் ஜாப்ஸ் வேன வித்தான். அந்தக் காசுலதான் தொழிலே ஆரம்பம். அந்தப் போர்டுக்கு ஆப்பிள்-1னு பேரு, வெல 666 டாலர் 66 சென்ட். குடுத்தவனுக்கு என்ன கெடச்சுச்சு? வெறும் போர்டு. கேபினெட் இல்ல, கீபோர்டு இல்ல, டிரான்ஸ்ஃபார்மர் இல்ல, படம் பாக்குறதுக்கு டிவியும் இல்ல. அம்புட்டையும் வாங்குனவன்தான் தேடிக் கோக்கணும். சில பேரு மரத்துல பொட்டி செஞ்சு அதுக்குள்ள வச்சான். இன்னைக்கு நீ ஸ்க்ரூவத் தொட்டாலே மொகஞ்சுளிக்கிற கம்பெனியோட தலைப்பிள்ளை அப்புடித்தான் பொறந்துச்சு.

டெல்லு மட்டும் என்ன? 1984-ல மைக்கேல் டெல்னு 19 வயசுப் பய, டெக்சாஸ் யுனிவர்சிட்டியில படிக்கையில தங்கியிருந்த ரூமுல ஒக்காந்து ஆயிரம் டாலர் மொதல்ல ஆரம்பிச்ச தொழிலு. நம்மாளு சிவ் நாடார் இருக்காரே, திருச்செந்தூர்ப் பக்கம் மூலைப்பொழிக்காரரு, கோயமுத்தூர் பிஎஸ்ஜி காலேஜுல படிச்சவரு, அவரும் அதே 1976-லதான் டெல்லியில கூட்டாளிகளச் சேத்துக்கிட்டு எச்சிஎல்ல ஆரம்பிச்சாரு. எல்லாப் பெரிய மனுசனும் மொதல்ல ஸ்க்ரூ டிரைவர் புடிச்சவன்தான். பேரு வந்தப்பறம் கைய வேட்டியில தொடச்சுக்கிட்டான்.

இன்னொண்ணு. அந்த டெல்லு 2007-ல ஸ்ரீபெரும்புதூர்ல ஆலை போட்டுச்சு. ஐபோனு பண்ற ஆலையும் அங்கதான் இருக்கு. நம்ம பக்கத்துப் பொம்பளப் புள்ளைக பஸ்ஸேறிப் போயி ஹாஸ்டல்ல தங்கி, ஷிப்டு பாத்து ஸ்க்ரூ முடுக்குதுக. அதுக முடுக்குனா பிராண்டு, நீ முடுக்குனா அசெம்பிளா? நல்லாருக்குடா உங்க நியாயம்.

சாமிக்கே சுருட்டு படைக்கிற ஊருய்யா இது. எந்தக் கம்பெனிச் சுருட்டுன்னு முருகன் இன்னைக்கு வரைக்கும் கேட்டதில்ல. நீ மட்டும் பொட்டி முதுகுல கடிச்ச பழம் இருக்கான்னு பாக்குற.

சிரிச்சது போதும், வெலையப் பேசுவோம். ஆப்பிள் கம்பெனி 2021-ல திரை தொடைக்க ஒரு துணி வித்துச்சு. 1,900 ரூவா. கைத்தறித் துண்டு இல்ல, பட்டு இல்ல, கையகலத் துணி. அதுக்கு முந்தி 2019-ல ஒரு பெரிய கம்ப்யூட்டர் விட்டானுக. அதத் தள்ளிக்கிட்டுப் போறதுக்கு நாலு சக்கரம் தனியா வேணும்னா 69,900 ரூவா கேட்டானுக. பொட்டி இல்ல மாப்ள, சக்கரம் மட்டும். அந்தக் காசுக்கு நம்மூருல ஓடுற கண்டிஷன்ல பழைய பைக்கே வரும், அதுல ரெண்டு சக்கரத்தோட எஞ்சினும் இருக்கும்.

இதக் கேட்டுட்டு 'மாமா ஆப்பிள் வேணாம்னு சொல்லிருச்சு'ன்னு ஊருக்குள்ள சொல்லிடாத. நான் அப்புடிச் சொல்லல. 2024 கடைசியில மேக் மினின்னு ஒண்ணு வந்துச்சு. உள்ளங்கையில அடங்குற பொட்டி, எம்4 சிப்பு, 16 ஜிபி ராம், வந்தப்ப வெல 59,900 ரூவா. வீடியோ வெட்டுறதுக்கு அந்தக் காசுல அதோட மல்லுக்கு நிக்கிற அசெம்பிள் பொட்டி கெடைக்கிறது கஷ்டம். சத்தம் இல்ல, சூடு கம்மி, கரண்டு பில்லும் கம்மி. இவ்வளவும் நெசம்.

ஆனா கொக்கி எங்க இருக்குன்னு பாரு. 256 ஜிபி எடம் பத்தாது, 512 குடுன்னு கேட்டா அப்ப 79,900. ராம 16-லருந்து 24 ஆக்குறதுக்கு மேல ஒரு இருபதாயிரம் கேட்டானுக. சரி, இப்ப சின்னதா வாங்கிக்கிட்டு அப்பறம் கையில காசு வந்தா ராம் சேத்துக்கலாம்னு நெனச்சா அதுவும் நடக்காது. ராம் சிப்போட சேந்தே வருது. வாங்குற அன்னைக்கு எம்புட்டோ, சாகுற அன்னைக்கும் அம்புட்டுத்தான்.

இது பேரெடுத்த காளைய வெல குடுத்து வாங்குற கதை. வாடிவாசல்ல அது பேரச் சொன்னாலே சனம் எந்திரிச்சு நிக்கும், உனக்கும் பெரும. ஆனா கட்டுத்தறியில பழைய மொதலாளி கொரல் கேட்டாத்தான் அது திரும்பிப் பாக்கும். எப்பத் தண்ணி காட்டணும், எம்புட்டுப் பருத்திக்கொட்டை வைக்கணும்னு அவன்தான் சொல்லணும். கன்னுக்குட்டியா வாங்கி வளத்தா, நீச்சலு பழக்கி, மண்ணு குத்த விட்டு, முட்டு வாங்கி, உதையும் வாங்கி, நாலு வருசத்துல ஒண்ணு தேறும். அது உன் கொரலுக்கு வரும். தேறாமயும் போகும். ரெண்டுல எது வேணும்னு நீதான் சொல்லணும்.

இப்ப அசெம்பிள்காரன் பக்கம் வருவோம். அவனும் லேசுப்பட்ட ஆளு இல்ல. எல்லாத்துக்கும் துட்டு செலவழிச்சுட்டுக் கடைசியில எஸ்எம்பிஎஸ்ல கையச் சுருக்குவான். கேபினெட்டோட சேந்து வர்ற டப்பா சப்ளையில 450 வாட்டுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கும். பூராப் பொட்டிக்கும் கஞ்சி ஊத்துறதே அதுதான். நம்ம பக்கத்துக் கரண்டு ஏறி எறங்குற அழகுக்கு அது ஒருநா சாகும். தனியாப் போனாப் பரவால்ல, போர்டையும் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிரும். 80 பிளஸ் முத்திரை இருக்குற தெரிஞ்ச கம்பெனிச் சப்ளையா வாங்கு. வீட்டுல எர்த்து ஒழுங்கா இருக்கான்னு ஒயர்மேனக் கூப்புட்டுப் பாத்துக்க. இடி இடிச்சா பிளக்கப் புடுங்கிரு, வீரம் காட்டாத.

அப்பறம் வெட்டி விளக்குக்கு ஆசப்படாத. கண்ணாடிக் கேபினெட்டு, உள்ள செவப்பும் பச்சையுமா எரியிற ஃபேன், எரியிற ராம். மார்கழி மாசத்துக் கோயில் மாரி இருக்கும், ஒத்துக்கிறேன். ஆனா விளக்கு எரிஞ்சா வீடியோ வெரசா வெட்டாது.

எந்தப் போர்டு வாங்குறங்கிறதுலதான் சூட்சுமமே. ஏஎம்டிக்காரன் 2017 ரைசனுக்குப் போட்ட ஏஎம்4 சாக்கெட்டு, பயாஸ மட்டும் புதுசாக்குனா 2022-ல வந்த புராசசரையும் ஏத்துக்குச்சு. 2022-ல வந்த ஏஎம்5-யும் 2027 தாண்டியும் வச்சிருப்போம்னு சொல்லியிருக்கான். இன்டெல்லு அப்புடி இல்ல. 2020-ல ஒரு சாக்கெட்டு, 2021-ல ஒண்ணு, 2024-ல வேறொண்ணு. அடுத்த சாக்கெட்டுப் புராசசருக்கு மாறணும்னா போர்டையும் சேத்துத் தூக்கணும். பின்னால ஏத்திக்கலாங்கிறதுக்காகத்தான் அசெம்பிளே பண்றோம். அந்த ஏணிய ஆரம்பத்துலயே வெட்டிட்டா அதுல என்ன லாபம்?

ராம் வெலையும் முன்னப்போல இல்ல. 2025 கடைசியிலருந்து எங்கயோ ஏறிக் கெடக்கு. ஏஐ டேட்டா சென்டருக்குன்னு சிப்பு பூராவும் போகுது. குரூசியல்னு பேரு போட்டு ராம் வித்துக்கிட்டிருந்த மைக்ரான் கம்பெனி, சில்லறை ஏவாரமே வேணாம்னு அந்த டிசம்பர்ல அறிவிச்சுருச்சு. அதனால யாரோ பழைய வீடியோவுல சொன்ன பட்ஜெட்ட நம்பிக் கெளம்பாத. திருச்சிக்குப் போயி நாலு கட ஏறி எறங்கு. முடிஞ்சா மெட்ராஸ் ரிச்சி தெருவுலயும் வெல கேளு. ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியா எழுதி வாங்கு. மொத்தமாச் சொல்ற வெலையிலதான் எல்லாக் களவும் ஒளிஞ்சிருக்கும்.

கோக்குற அன்னைக்கு எங்கக்காவோட நைலெக்ஸ் சேலைய விரிச்சு அதுமேல போர்ட வைக்காத. நிலைமின்சாரம் வரும். போர்டு வந்த அட்டப்பொட்டி மேலயே வை. கேபினெட் இரும்ப ஒருதரம் தொட்டுட்டு வேலைய ஆரம்பி. புராசசர உக்கார வைக்கையில மூலையில இருக்குற முக்கோணத்தப் பாத்து வை, அமுக்காத. அதுவா எறங்கும். எறங்கலன்னா நீ தப்பா வச்சிருக்க. ராமுக்கு மட்டும் பயப்படாம அமுக்கு, டக்குன்னு காது பூட்டுற சத்தம் வரணும். கூலர் அடியில ஒரு பிளாஸ்டிக் தாளு ஒட்டியிருக்கும், பேஸ்ட்டு தடவுறதுக்கு முந்தி அத உரிச்சுரு. உரிக்காம மாட்டிட்டு 'மாமா பொட்டி கொதிக்குது'ன்னு ஓடி வந்தா விபூதி பூசித்தான் அனுப்புவேன். எல்லாம் மாட்டி முடிச்சும் திரை கறுப்பாவே கெடந்தா மொதல்ல சப்ளைக்குப் பின்னால இருக்குற சுவிட்சப் பாரு. கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தா, மானிட்டர் ஒயர கார்டுல சொருகாம போர்டுல சொருகியிருக்கியான்னும் பாரு. கெட்டுப்போச்சுன்னு கடைக்குத் தூக்கிட்டுப் போறதுல பாதி இந்தக் கேசுதான்.

இதுக்கு மேல ஒரே ஒரு கேள்வி பாக்கி. கெட்டா யாரு பதில் சொல்றது? கம்பெனிப் பொட்டின்னா ஒரு போனு, ஒரு ஆளு, ஒரு வாரண்டி. நீ கூடக் குடுக்குற காசு அந்த ஆளுக்குத்தான், அலுமினியத்துக்கு இல்ல. பெரும்பாலும் ஒரு வருசம். அது முடிஞ்ச மறுநாளே ஏதாச்சும் போச்சுன்னா, ரிப்பேருக்குச் சொல்ற காசுல புதுசே வாங்கிரலாம்னு அவனே நைஸா உபதேசம் பண்ணுவான். அசெம்பிள்னா புராசசருக்கு மூணு வருசம், நல்ல எஸ்எஸ்டிக்கு அஞ்சு வருசம்னு சாமானுக்குச் சாமான் வாரண்டி இருக்கு. ஆனா எந்தச் சாமான் போச்சுன்னு கண்டுபுடிக்கணும், அத எடுத்துக்கிட்டு சர்வீஸ் சென்டருக்கு பஸ் ஏறணும். அந்த ஆளு நீதான். உனக்குச் சம்பளம் கெடையாது.

பொறுமை இருக்கா உனக்கு? எங்கக்கா ரேஷன் கடைக்கு அனுப்புனா 'வரிசை பெருசா இருக்கு'ன்னு திரும்பி வந்த பய நீ. இருந்தாலும் கேமுன்னா விடிய விடிய ஒக்காருவ, அதையும் நான் பாத்திருக்கேன். அந்தப் பொறுமை பத்தும்.

அதனால மாமன் தீர்ப்பு இது. நெசமாவே வீடியோதான் பொழப்பு, அதுல காசு வருதுன்னா மேக் மினிய வாங்கு, 512 ஜிபியாப் பாத்து வாங்கு. காலேஜுக்கும் வீட்டுக்கும் தூக்கிக்கிட்டு அலையணும்னா அசெம்பிள் பேச்சே வேணாம், நடுத்தர வெலையில ராம் சேக்க எடம் விட்ட லேப்டாப்பாப் பாரு. வீடியோங்கிற பேருல கேம்தான்னா, அது எனக்கும் தெரியும், உங்கம்மாவுக்கும் தெரியும், ஏஎம்5 போர்டுல உள்ளயே கிராபிக்ஸ் இருக்குற ரைசனப் போட்டு அசெம்பிள் பண்ணு. கிராபிக்ஸ் கார்ட நீ சொந்தமாச் சம்பாதிச்சு வாங்கு. அதுல மிஞ்சுற காசுக்கு ஒரு யூபிஎஸ் வாங்கி வை.

எத வாங்குனாலும் ஜிஎஸ்டி பில்லு கேளு. ஒவ்வொரு சாமானோட சீரியல் நம்பரும் அதுல எழுதியிருக்கான்னு அங்கயே நின்னு பாரு. பில்லு இல்லாம வெல கொறச்சுத் தர்றேங்கிற கடையில பச்சத் தண்ணிகூட வாங்கிக் குடிக்காத.