மல்லி கிலோ 0 ரூபாய்: பிழையை விழுங்குவது எப்படி?

ஜாவாஸ்கிரிப்டில் ஒரு வேலையை ஏவிவிட்டு, அது முடியும்வரை வேறு வேலை பார்க்கிற முறைக்கு உள்ள சொல்லைத் தமிழில் எழுதினால் 'அசிங்க்' என்று வரும். கூட ஓர் 'அம்' சேர்த்தால் கதை முடிந்தது. அந்த 'அம்'மைக் குறைந்த உழைப்பில் சேர்ப்பது எப்படி என்று, மதுரை இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட் வளாகங்களில் கணினி முன் குனிந்திருக்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்லித் தரலாம் என்றிருக்கிறேன். அனுபவம் உண்டு.

முதலில் அடிப்படை. ப்ராமிஸ் என்பது பரோட்டாக் கடையில் தருகிற பார்சல் டோக்கன். டோக்கன் கையில் இருந்தால் பரோட்டா கையில் இருப்பதாக ஆகாது. மாஸ்டர் போட்டுக் கொடுக்கலாம். "மாவு தீந்துபோச்சுண்ணே" என்றும் சொல்லலாம். இந்த டோக்கன் முறை மொழிக்குள் வந்தது 2015-இல். அதற்கு முன் கால்பேக் காலம். "ஆனதும் இவரைக் கூப்பிடுங்க, இவர் அடுத்தவரைக் கூப்பிடுவார்" என்று சங்கிலியாகப் போகும், ஒவ்வொருவரும் போனை எடுத்ததும் "ஏதும் பிரச்சனையா?" என்று தனித்தனியாகக் கேட்டாக வேண்டும். 2017-இல் அவெய்ட் வந்தது. டோக்கனோடு நின்று வாங்கிக்கொண்டு நகரலாம். பத்து வேலையை ஒரே ட்ரைக்குள் வைத்து, எது கெட்டாலும் கீழே ஒரே கேட்ச்சில் பிடிக்கலாம். இவ்வளவு சுலபமாகிவிட்டால் நமக்கு யார் சம்பளம் தருவார்கள்?

ஆகவே, ஒவ்வொரு அவெய்ட்டுக்கும் தனித்தனி ட்ரை போடுங்கள். பத்து வரி நிரல் ஐம்பது வரியாகும். உழைத்த மாதிரி தெரியும். கேட்ச்சுக்குள் எதுவும் எழுதாதீர்கள். 2019 முதல் பிழைக்கு ஒரு பெயர் வைக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. வந்தவன் யார், எந்த ஊர் என்று கேட்காமலே வாசலில் வைத்துப் புதைத்துவிடலாம். வெறும் கேட்ச் வெறுமையாகத் தெரிகிறதே என்று உறுத்தினால் ஒரு பூஜ்யத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

நான் அப்படித்தான் அனுப்பினேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு அன்றன்றைய விலையைப் போனில் காட்டும் செயலி எழுதிக் கொடுத்திருந்தேன். விலை வருகிற சர்வர் ஒருநாள் விடிகாலை படுத்துவிட்டது. என் கேட்ச் அதை விழுங்கியது. வாடிக்கையாளர்கள் எல்லோருடைய போனிலும் 'மதுரை மல்லி, கிலோ 0 ரூபாய்'. அதுவும் தை முகூர்த்த நாள்; பனியில் வரத்து குறைந்து, மல்லியைத் தொடவே பயப்படுகிற நேரம். நாலு மணிக்கு அழைப்பு வந்தது. "தம்பி, ஆடி மாசத்துலகூட நான் சும்மா குடுத்ததில்லப்பா" என்றார். சத்தம் போடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. லாகைத் திறந்தால் துடைத்துவைத்த மாதிரி சுத்தம். ஒரு பிழைகூட இல்லை!

சர்வர் படுக்கவில்லை, 500 என்று திட்டி அனுப்புகிறது என்றாலும் கவலை வேண்டாம். சர்வரிடம் கேட்டு வாங்கிவரும் ஃபெட்ச்சுக்கு 404, 500 எல்லாமே வெற்றிதான். "பரோட்டா இல்ல, போ" என்பதும் ஒரு பதில்தானே? இணைப்பே அறுந்தால்தான் அது பிழை என்று ஒத்துக்கொள்ளும். பதிலில் 'ஓகே' சரியா என்று பார்க்கச் சொல்பவர்கள் சந்தேகப் பிராணிகள்.

அடுத்து, அவெய்ட்டை மறப்பது. இதற்கு மதுரைக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு அழகர்மலையிலிருந்து சீரோடு கிளம்புகிறார் கள்ளழகர். வழியெல்லாம் மண்டகப்படி, ஒவ்வொன்றிலும் நின்று வர வேண்டும். இங்கே யாரும் அண்ணனுக்கு அவெய்ட் போடவில்லை. தாலி கட்டியாகிவிட்டது, தேரும் ஓடி முடிந்தது. தங்கக் குதிரையில் வைகையில் இறங்கியவர், சேதி கேட்டுக் கோபித்துக்கொண்டு வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிட்டார் என்பது சனங்கள் சொல்லும் கதை. ஆனால் அவர் நம் கட்சி இல்லை. அவ்வளவு கோபத்திலும் தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுத்துவிட்டுத்தான் மலையேறுகிறார். கல்யாணம் கிடைத்தாலும் தவறினாலும் அந்த வேலை நடந்தாக வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் அதற்கு ஃபைனலி என்று பெயர். நாம் அதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்க மாட்டோம்.

அவெய்ட் இல்லாத ப்ராமிஸ் உடைந்தால், சுற்றிலும் ட்ரை கட்டியிருந்தாலும் கேட்ச்சுக்குத் தெரியாது. ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டுகிற நோட், முன்பெல்லாம் ஒரு எச்சரிக்கையை முணுமுணுத்துவிட்டு வேலையைத் தொடரும். 2020 அக்டோபரில் வந்த 15-ஆம் பதிப்பிலிருந்து, கேட்பாரற்ற பிழை ஒன்று கிடந்தாலும் ஒட்டுமொத்த நிரலும் விழுந்துவிடும். ஃபார்ஈச்சுக்குள் அவெய்ட் போட்டாலும் இதே பலன்தான். அந்தச் சுற்று யாருக்காகவும் நிற்காது.

மல்லி, பிச்சி, முல்லை, கனகாம்பரம் நான்கின் விலையையும் ஒரே நேரத்தில் கேட்க ப்ராமிஸ் ஆல் போடுங்கள். கனகாம்பரம் ஒன்று வராவிட்டால் மற்ற மூன்றும் போகும். 2020-இல் வந்த ஆல்செட்டில்டு, வந்தது எது வராதது எது என்று தனித்தனியாகச் சொல்லிவிடும். நெருங்காதீர்கள்.

கடைசியாக, சேரக்கூடாத கூட்டம் ஒன்று உண்டு. பிழையைக் கண்ட இடத்திலெல்லாம் பிடிக்காமல் மேலே போகவிட்டு, உச்சியில் ஓரிடத்தில் பிடிப்பார்கள். இவர்களுக்குத் தோதாக, நோட்டில் சர்வர் எழுத உதவும் எக்ஸ்பிரஸின் 5-ஆம் பதிப்பு வேறு, உடைந்த ப்ராமிஸைத் தானே கொண்டுபோய்ப் பிழை பார்க்கும் இடத்தில் சேர்த்துவிடுகிறது. கீழே கேட்ச் போடுவதென்றால், அங்கே ஏதாவது செய்ய முடிந்தால்தான் போடுவார்கள்: இன்னொரு முறை கேட்டுப் பார்ப்பது, அல்லது 'இது நேற்றைய விலை' என்று எழுதிக் காட்டுவது. புதுப் பிழையாக மாற்றி எறிந்தாலும் பழையதைக் காரணமாக அதற்குள் வைத்தே எறிவார்கள். 2022-இலிருந்து மொழியிலேயே அதற்கு இடம் இருக்கிறது. இவர்கள் ராத்திரி பத்து மணிக்குப் படுத்துத் தூங்கிவிடுகிறார்கள். தூங்கா நகரத்தின் மானம் என்னாவது?

நம் வழிக்கு வருகிறவர்கள் செருப்பை வாசலிலேயே விட்டு வையுங்கள். போன் விடிகாலை நாலு மணிக்கு வரும். மாட்டுத்தாவணியில் அந்நேரமும் டீ கிடைக்கும்.