காயக் காய ஏறிய வெளிச்சம்

செட்டிநாட்டு வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும்: வளவைச் சுற்றிலும் சற்றே முன்சாய்த்து மாட்டிய படங்களில், பம்பாயில் 1894இல் ரவிவர்மா தொடங்கிய அச்சகத்து லட்சுமியும் சரஸ்வதியும் ஒரு பக்கம், பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போய்வந்த பாட்டையாக்கள் ஒரு பக்கம். முற்றத்து வெயில் சாய்ந்து வரும் நேரத்தில் அந்த முகங்கள் மெல்ல ஒளிவிடத் தொடங்கும்.

அது எப்படி என்பதை, எங்கள் ஐயாவை வரைய மதுரையிலிருந்து வந்து இரண்டாம் கட்டில் தங்கியிருந்த ஓவியரிடம்தான் பார்த்தேன். முகத்தை வெள்ளையும் சாம்பலுமாக எழுதி முடித்துவிட்டு, “காயட்டும்” என்று வெற்றிலைச் செல்லத்தைத் திறந்துவிடுவார். ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை; காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து இறுகுவது, அவசரப்படுத்த முடியாது. பிறகு, கீழே எழுதியது தெரியும்படி ஒரு மெல்லிய நிறப்பூச்சு, அது காய்ந்தபின் இன்னொன்று. மேலே போகப் போக எண்ணெய் கூடவேண்டும், இல்லாவிட்டால் படம் வெடித்துவிடும் என்பார். கடுக்கனுக்குக் கெட்டி வெள்ளையில் ஒரு பொட்டுதான் வைத்தார். பல நாள் கழித்து அதன்மேல் கண்ணாடி போன்ற சிவப்பை ஏற்றியதும், உள்ளே புகுந்த வெளிச்சம் வெள்ளையில் பட்டுச் சிவப்பின் வழியே திரும்பிவர, கல் கனன்றது.

15ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஓவியர் யான் வான் ஐக் கைவரப்பெற்றிருந்த வித்தை அது. நம் கொத்தனார்களுக்கும் அந்தப் பொறுமை இருந்தது: சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, பூச்சுமேல் பூச்சாக இழைத்துத் தேய்த்த சுவரில் இன்றும் முகம் தெரிகிறது.

இப்போது சாந்திக் கல்யாணத்துக்குக் கைபேசிப் படத்தை அனுப்பினால், மறுநாளே கித்தானில் அச்சாகி வந்துவிடுகிறது. சிங்கப்பூரில் ஒன்று, கோலாலம்பூரில் ஒன்று என்று பங்காளிகள் எல்லோருக்கும் ஐயா கிடைக்கிறார், ஒரே படத்துக்காகப் பாகப்பிரிவினையில் முகம் திருப்பிக்கொண்ட காலம் போயிற்று, அது நல்லதுதான். ஜாடையும் பிசகுவதில்லை. ஆனால் வெளிச்சம் கித்தானின் மேலேயே நின்றுவிடுகிறது, உள்ளே போய்த் திரும்புவதில்லை. பழைய படங்களோ காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் சுவரோரம் அடுக்கிக் கிடக்கின்றன.

உங்கள் வீட்டில் ஒன்று மிஞ்சியிருந்தால், பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது சோப்புத் தண்ணீராலோ ஸ்பிரிட்டாலோ துடைத்துவிடாதீர்கள்; முதலில் கரைந்து போவது கடைசியாக ஏற்றிய அந்த மெல்லிய பூச்சுதான்.