தென்சென்னைப் புறநகரில் பாம்பு விளையாட்டு: விட்ட நிரலைத் தொடுவோரும் அவர்தம் குருமாரும்

தாம்பரத்துக்குப் பெருமைகள் பல. 1931இல் கடற்கரையிலிருந்து மின்சார ரயில் இங்கே வந்து சேர்ந்தது. 1937இல் கிறித்தவக் கல்லூரி நகரத்து நெரிசலை விட்டு இங்கே குடிவந்தது. 2021இல் ஊர் மாநகராட்சியும் ஆகிவிட்டது. ஆனாலும் இவ்வட்டாரத்தின் முக்கியமான ஒரு நிகழ்வு ஆய்வுலகின் கண்ணில் இன்னும் படவில்லை. நாற்பதைக் கடந்த ஆண்மக்கள், வீட்டில் எல்லாரும் படுத்தபிறகு, லேப்டாப்பைத் திறந்து ஒரு பச்சைக் கட்டத்தை இடமிருந்து வலமாக நகர்த்தப் பாடுபடுகிறார்கள். இக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வெல்லை: வடக்கே பல்லாவரம், தெற்கே வண்டலூர், கிழக்கே மேடவாக்கம், மேற்கே முடிச்சூர். மழைக்காலத்தில் முடிச்சூரை எல்லையிலிருந்து நீக்கிக்கொள்க. கள ஆய்வுக்குப் படகு தர ஆளில்லை.

முதலில் இவ்வினத்தின் தோற்றம். இவர்கள் தொண்ணூறுகளில் பாலிடெக்னிக்கிலோ, மாடிப்படிக்கு மேலே இருந்த கம்ப்யூட்டர் சென்டரிலோ டர்போ சி பயின்றவர்கள். போர்லண்டு நிறுவனம் 1987இல் வெளியிட்ட அந்தக் கருவியின் நீலத்திரையை இவர்களால் கண்ணை மூடிக்கொண்டும் வரைய முடியும். கன்ட்ரோலையும் எஃப்-9ஐயும் சேர்த்து அழுத்தினால் நிரல் ஓடும். அல்லது கிராஃபிக்ஸ் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரின் பெயரில் ஒரு சாய்கோடு குறைந்ததால் 'பிஜிஐ எரர்' என்று முறைக்கும். முறைக்காத நாளில் 640க்கு 480 புள்ளிகளில், பதினாறே வண்ணங்களில், ஒரு பாம்பு ஊர்ந்து வந்து இரை தின்றது. அப்புறம் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, பிளாட்டுக்கு இ.எம்.ஐ. வந்தது. பாம்பு புற்றுக்குள் போயிற்று.

இருபத்தைந்து ஆண்டு கழித்து அதை வெளியே எடுக்கும்போதுதான் சிக்கல். பழைய நிரலில் பாம்பின் வேகத்தைக் கட்டுப்படுத்தியது ஒன்றும் செய்யாத ஒரு வெற்றுச் சுற்று: ஒன்றிலிருந்து முப்பதாயிரம் வரை சும்மா எண்ணு, பிறகு பாம்பை ஒரு கட்டம் நகர்த்து. அன்றைய கணினிக்கு அப்படி எண்ணி முடிக்கச் சற்று நேரம் பிடித்தது. இன்றைய கணினி அதை எண்ணியதாகவே காட்டிக்கொள்ளாது. பாம்பு பிறந்த கணமே சுவரில் முட்டிச் சாகிறது. இந்நோய் அன்றே அறியப்பட்டதுதான். அக்காலக் கணினிப் பெட்டியின் முகப்பில் 'டர்போ' என்று ஒரு பொத்தான் இருந்தது நினைவிருக்கும். பழைய விளையாட்டுகள் தலைதெறிக்க ஓடாதபடி கணினியை மெதுவாக்குவதற்கென்றே அதை வைத்தார்கள். உலகில் வேகத்தின் பெயர் சூடி மந்தத்தை விற்ற பொருள் அது ஒன்றுதான் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

அற்றேல் இன்றைய முறை யாதோ எனின், கூறுதும். போன சட்டகத்துக்கும் இந்தச் சட்டகத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம் கழிந்தது என்று கணினியைக் கேட்டு, வேகத்தை அதனால் பெருக்க வேண்டும். நொடிக்கு அறுபது சட்டகம் என்றால் ஒவ்வொன்றுக்கும் பதினாறு பதினேழு மில்லி நொடி. அந்த இடைவெளிக்கு டெல்டா என்று பெயர். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் நம் நிரலர் இதைத் தேடிப் படிப்பதில்லை. "கைடு பண்ண ஒரு ஆள் இல்ல சார், அதான்" என்கிறார். நமது ஆய்வுப் பொருள் இங்கேதான் பிறக்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் ஆசிரியர் ஆகாதவரை நான்காக வகுத்துவிட்டார். எண்ணூறு ஆண்டு கழித்தும் ஜி.எஸ்.டி. சாலையின் இருமருங்கிலும் அந்த நால்வரும் நலமாக இருக்கிறார்கள்.

முதலாமவர் கழற்குடம், கழற்சிக்காயை எந்த முறையில் போட்டாலும் கவிழ்க்கும்போது வாய்க்கு வந்தது முதலில் விழும் குடம். படத்தைச் சாய்த்துக் காட்டுவது எப்படி என்று இவரிடம் கேட்டால் ஷேடரில் தொடங்கி, நாற்பரிமாணக் கணிதம் வழியாக, டீ ஆறியபிறகு சைன், கொசைனுக்கு வந்து சேர்வார். இரண்டாமவர் மடற்பனை. யாரையும் ஏறவிடாது, தானே பார்த்து எப்போதாவது ஒரு பழம் போடும். சிறுசேரியில் பெரிய பதவியில் இருக்கும் இவருக்கு வாட்ஸப்பில் கேள்வி அனுப்பினால் இரண்டு நீல டிக் விழும். மூன்று வாரம் கழித்து நள்ளிரவில், வணக்கம் கூட இல்லாமல், ஒரு லிங்க் வரும். மூன்றாமவர் பருத்திக் குண்டிகை: உள்ளே திணிப்பதும் கடினம், வெளியே எடுப்பதும் கடினம். நான்காமவர் முடத்தெங்கு. ஒருவர் தண்ணீர் ஊற்ற, வளைந்துபோய் அடுத்தவர் தோட்டத்தில் காய்க்கும் தென்னை. சானடோரியம் டீக்கடையில் இதற்கு நேர்ச்சான்று கிட்டியது. போண்டாவுக்குக் காசு கொடுத்தவர் ஒருவர். பாடம் கேட்டுப் பயனடைந்தவர் பக்கத்து பெஞ்சில் ரயிலுக்குக் காத்திருந்த கல்லூரி மாணவர்.

நடுநிலை கருதி மாணாக்கரையும் அளக்க வேண்டும். திரும்பி வரும் நிரலர் ஐயத்துக்கிடமின்றி நன்னூல் சொல்லும் 'ஆடு' வகை. ஒரு செடியிலும் வயிறார மேயமாட்டார். விளையாட்டு உருவாக்கும் கருவிகளுள் யூனிட்டியில் இரண்டு பாடம், பைகேமில் ஒன்றரை. 2023 செப்டம்பரில் யூனிட்டி, விளையாட்டு ஒவ்வொரு முறை நிறுவப்படும்போதும் கட்டணம் கேட்கப்போவதாக அறிவித்தது. ஒரு விளையாட்டைக்கூட முடிக்காத நம்மவர்கள் கொதித்துப்போய் அன்றிரவே காடோவுக்கு மாறினார்கள். அர்ஜென்டினாவில் பிறந்து, 2014 முதல் கட்டற்ற மென்பொருளாகக் கிடைக்கும் எஞ்சின் அது. மறுவருடம் யூனிட்டி அக்கட்டணத்தைக் கைவிட்டது. நம்மவர் திரும்பிப் போகலாமா என்று யோசித்தபடி இருக்கிறார். பாடம் கேட்கத் தகாதவர் பட்டியலில் துயில்வோரையும் பவணந்தியார் சேர்க்கிறார். அக்கணக்குப்படி, கடற்கரை வண்டியில் உட்கார இடம் கிடைத்த எவரும் மாணாக்கராகத் தகார்.

குரு வயதில் இளையவராக இருக்கலாமா என்பது அடுத்த வழக்கு. இதற்குத் தீர்ப்பு முன்பே உண்டு. தகப்பனுக்கே பிரணவப் பொருள் சொன்ன சுவாமிநாதன், சுவாமிமலைக்குப் போகவேண்டியதில்லை, குரோம்பேட்டை குமரன்குன்றத்திலேயே எழுந்தருளியிருக்கிறார். கொள்கையளவில் சிக்கல் இல்லை, விளிப்பதில்தான் சிக்கல். நாற்பத்தாறு வயதுச் சீடர் இருபத்துமூன்று வயது குருவைத் 'தம்பி' என்றால் பாடம் ஏறாது. 'சார்' என்றால் குரு நெளிகிறார். குரு சீடரை 'அங்கிள்' என்கிறார். அங்கிள் என்ற சொல் காதில் விழுந்த நாளில் யாரும் ஒரு வரிகூட நிரல் எழுதியதாகச் சான்றில்லை. சிவபெருமானுக்கு இத்தொல்லை இல்லை. மகன் 'அப்பா' என்றிருப்பான்.

மனித குருவே வேண்டாம், யூடியூப் போதும் என்பார் கூற்று ஏகலைவன் நெறியைச் சாரும். மண்ணால் செய்த துரோணரும் சரி, திரையில் பேசும் துரோணரும் சரி, சீடன் வில்லைத் தலைகீழாகப் பிடித்தாலும் ஒன்றும் சொல்லமாட்டார். தட்சணையும் நமக்கு ஒத்துவராது. ஸ்பேஸ் பாரை அழுத்துவது கட்டைவிரல்.

இனி, இக்கட்டுரையாளர் தலையாயதாகக் கருதும் சான்று. அதுவும் குரோம்பேட்டையிலேயே உள்ளது. சி. ராஜம் 1949இல் நிறுவிய எம்.ஐ.டி.யில் பின்னாளில் கணினியைத் தமிழர் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்த சுஜாதாவும் படித்தார், அப்துல் கலாமும் படித்தார். கலாம் தம் வாழ்க்கைக் கதையில் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் வேலை அவருக்கு. பணி நகரவில்லை என்று பேராசிரியர் ஸ்ரீநிவாசன் கடிந்துகொண்டார். மூன்றே நாள் கெடு, முடிக்காவிட்டால் உதவித்தொகை நிறுத்தம். கலாம் உண்ணாமல் உறங்காமல் வரைபலகையில் கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை அறைக்குள் யாரோ நிற்பதுபோல் பட, திரும்பிப் பார்த்தால் பேராசிரியர். டென்னிஸ் ஆடிவிட்டு, ஆடிய உடையோடே எட்டிப்பார்க்க வந்திருக்கிறார்.

கவனிக்க: அந்த மூன்று நாளில் அவர் ஒன்றும் கற்பிக்கவில்லை. காற்றியக்கத்தில் ஒரு சூத்திரமும் சொல்லவில்லை. நாள் குறித்தார், வந்து பார்த்தார், அவ்வளவே. பொழுதுபோக்கு நிரலருக்கு இல்லாமற்போனது இந்த இரண்டும்தான். அலுவலகத்தில் மேலாளர் கெடு வைக்கிறார், டெஸ்டர் வந்து குடைகிறார். வீட்டில் அவர் நிரலை எவரும் சீந்துவதில்லை. மனைவி மட்டும் ஒருநாள் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்து, "இந்த வயசுல பாம்பு பிடிக்கிறீங்களா?" என்று கேட்டதாக ஒரு பதிவு உண்டு, அதைக் கெடுவாகக் கொள்ள இயலாது. டெல்டாவைச் சொல்லித்தர ஆயிரம் பக்கங்கள் இருக்கின்றன. "ஞாயித்துக்கிழமை வரேன், எதுவரைக்கும் வந்திருக்குன்னு காட்டுங்க" என்று சொல்லும் பக்கம் எதுவும் இல்லை.

இக்கருதுகோள் சேலையூரில் ஒரு நிரலர் வீட்டில் சோதிக்கப்பட்டது. மாடியில் குடியிருக்கும் பையன் ஞாயிறு காலை இறங்கி வந்து, சும்மா ஆடிப்பார்த்தான். வலப்பக்கம் போய்க்கொண்டிருந்த பாம்பை மேலே திருப்பி, உடனே இடப்பக்கமும் திருப்பினான். பாம்பு செத்தது. "அங்கிள், ரெண்டு கீயைச் சட்டுனு அமுக்கினா அது தன் கழுத்தையே கடிச்சுக்குது."

உண்மை. நேரெதிர்த் திசைக்குத் திரும்பக்கூடாது என்ற தடை நிரலில் இருந்தது. ஆனால் பாம்பு ஒரு கட்டம் நகர்வதற்குள் இரண்டு விசையும் விழுந்துவிட்டன. வலமிருந்து மேல்: தடையில்லை. மேலிருந்து இடம்: தடையில்லை. நகரும் நேரம் வந்தபோது பாம்பு வலமிருந்து நேரே இடத்துக்குத் திரும்பிக் கழுத்தில் முட்டியது. விசைகளை வரிசையில் நிறுத்தி, நகர்வுக்கு ஒன்றாக எடுத்தால் தீரும். இதை அந்தப் பையன் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியவும் தெரியாது, அவன் பி.காம். அன்றிரவே உரியவர் தாமாகத் திருத்திக்கொண்டார். 'அங்கிள்' தடையையும் மீறி இது நடந்தமையால், மேலே சொன்ன விதிக்கு ஒரு விலக்கு ஏற்பட்டது என்க.

போகும்போது பையன் இன்னொன்றும் கேட்டான்: "ஏன் பாம்பு? எங்க பாட்டி தரையில கட்டம் போட்டு ஆடுபுலி ஆட்டம் ஆடுவாங்களே, அதைப் பண்ணுங்களேன்." மூன்று புலி, பதினைந்து ஆடு, முறைவைத்து நகர்த்துவது, டெல்டாத் தொல்லையே கிடையாது. சேலையூர்க்காரர் இப்போது அதில் இறங்கியிருக்கிறார். புலிகள் வெட்டுகின்றன. ஆடுகளுக்குத்தான் இன்னும் அறிவு வைத்தபாடில்லை. புலிக்கு எதிரே போய் அவையாகவே நிற்கின்றன. வரும் ஞாயிறு பார்வையிடல் என்று முடிவாகியிருந்தது. அன்று முகூர்த்த நாளாம். பையனுக்கு ஊரப்பாக்கத்தில் ஒன்று, பெருங்களத்தூரில் ஒன்று என இரண்டு கல்யாணம்.