மதுரை எவ்வளவு தூரம்?

சென்னையிலிருந்து மதுரைக்குச் சாலை வழியாக ஏறக்குறைய 460 கிலோமீட்டர். வானத்தில் நேர்கோடு போட்டால் 420. வித்தியாசம் நாற்பதே நாற்பதுதான். இந்த நாற்பதை வைத்துக்கொண்டு, கல்யாணப் பத்திரிகை வரும்போதெல்லாம் எங்கள் சித்தப்பாவும் அத்தானும் சண்டை போட்டு முடிப்பதற்குள் அங்கே மாப்பிள்ளை தாலியே கட்டிவிடுவார்.

சித்தப்பா விமானக் கட்சி. "ஒண்ணேகால் மணி நேரம்டா! பெல்ட்டைப் போடுன்னு சொல்லி வாய் மூடுறதுக்குள்ள கழட்டுன்னுடுவாங்க" என்பார். வாஸ்தவம்தான். ஆனால் அந்த ஒண்ணேகாலில் பெரம்பூர் சேர்த்தியில்லை. எங்கள் வீடு இருப்பதோ பெரம்பூரில். ஒன்பது மணி விமானத்துக்கு நாலு மணிக்கே எல்லோரையும் எழுப்பி உட்கார வைத்துவிடுவார்.

மீனம்பாக்கம் போனால் சோதனை. சித்தப்பா கட்டுவது வேட்டி. அதைத் தாங்குவது பச்சை பெல்ட். "பெல்ட்டைக் கழட்டி டிரேயில வைங்க சார்" என்றதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஒரு கையில் வேட்டியைக் கெட்டியாகப் பிடித்தபடி, மறு கையால் பெல்ட்டின் பையைக் காலி செய்தார்: சில்லறை, விபூதிப் பொட்டலம், பாதி மாத்திரை அட்டை, எந்தப் பூட்டுக்கென்றே தெரியாத சாவி. இரண்டு கையையும் தூக்கச் சொன்னார்கள். சித்தப்பா ஒன்றைத்தான் தூக்கினார்.

விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே பரங்கிமலை. 1802-இல் லாம்டன் என்ற வெள்ளைக்காரர் இந்தியாவை அளக்கத் தொடங்கிய இடம். அங்கிருந்து பெரும்பாக்கம் குன்று வரை சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோட்டைச் சங்கிலி பிடித்து அளக்க 57 நாள் ஆனதாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜி.எஸ்.டி. ரோட்டில் காருக்குள் உட்கார்ந்திருந்தால், மனிதர் வேகமாகத்தான் அளந்திருக்கிறார் என்று தோன்றும்.

அந்த ரோடுதான் அத்தானின் கட்சி. "வண்டியை எடுத்தோமா, போனோமா, வாசல்ல இறங்கினோமா!" எடுப்பதெல்லாம் சரிதான். பரனூர் டோல்கேட்டில் கால் மணி நேரம். விக்கிரவாண்டியில் காபி. உளுந்தூர்பேட்டை தாண்டியதும், குடித்த காபிக்குப் பதில் சொல்ல ஒரு நிறுத்தம். திருச்சி நெருங்கினால், "சமயபுரம் வழியிலதானே இருக்கு, ஆத்தாளைப் பார்க்காம போறதா?" என்று பின்சீட்டிலிருந்து குரல் வரும். வழியில்தான் இருக்கிறது, வரிசைதான் வழியில் இல்லை. ஏழரை மணி நேரப் பயணம் பத்தரை ஆகும். மேலூர் வந்ததும் அத்தான், "பார்த்தியா, வந்தாச்சு" என்பார்.

சித்தப்பா மட்டும் என்ன, முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிடுகிறாரா? விமானம் இறங்குவது பெருங்குடியில். அங்கிருந்து ஊருக்குள் வர டாக்ஸிக்காரர் கேட்ட தொகையைச் சித்தப்பா இன்றுவரை சித்தியிடம் சொல்லவில்லை.

போன வாரம் அடுத்த பத்திரிகை வந்தது. வழக்கம்போல இருவரும் ஆரம்பித்தார்கள். அத்தை கீரை ஆய்ந்துகொண்டே, "பேசாம வைகையில போங்களேன்டா" என்றாள். 1977 ஆகஸ்ட் 15-இல் வைகை ஓடத் தொடங்கிய நாள் முதல் அவளுக்கு வேறு வாகனம் கிடையாது. தண்டவாளக் கணக்கில் தூரம் 490-ஐத் தாண்டும், மூன்றிலும் இதுதான் அதிகம் என்று அத்தான் எடுத்துச் சொன்னார்.

"உட்கார்ந்துதானே போறோம், நடந்தா போறோம்?" என்றாள் அத்தை.

மறுபேச்சில்லை. அன்றே டிக்கெட் போட்டோம். எல்லோருக்கும் வெயிட்டிங் லிஸ்ட்.