ஹார்லிக்ஸ் இல்லாத ஆஸ்பத்திரிப் பை

எங்கள் எம். புதுப்பட்டியில் ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போகிறார்கள் என்றால், அந்தக் காலத்தில் பாதி வீடு பஸ் ஏறும். நினைவிருக்கிறதா உங்களுக்கு? கோரைப்பாய், அதற்குள் சுருட்டிய தலையணை, பச்சையும் வெள்ளையுமாகப் பின்னிய வயர்கூடை, கூடைக்குள் தூக்குச்சட்டி, மூடி சரியாக இறுகாத பிளாஸ்க், நொய்யரிசி, பருப்புப்பொடி, மண்ணெண்ணெய் ஸ்டவ். அந்த ஸ்டவ் அடைத்துக்கொண்டால் குத்திவிடுகிற பின்னை மட்டும் கூடையில் தொலைந்துவிடும் என்று அப்பத்தா தன் முந்தானையில் முடிந்துகொள்வாள்.

எண்பதுகளில் எனக்குக் குடல்வால் ஆபரேஷன். மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு ராஜாஜி பெயர் வைத்த பிறகும் அப்பத்தாவுக்கு அது எர்ஸ்கின் ஆஸ்பத்திரிதான். நான் அப்போது விலா எலும்பை எண்ணிவிடலாம் என்கிற மாதிரி ஒரு நோஞ்சான். வாசல் திண்ணையில் தீப்பெட்டி ஒட்டுகிற பெண்கள் அத்தனை பேரும் பசைக் கையோடு நிமிர்ந்து பார்த்து, “பிள்ளைக்கு உடம்பே தேற மாட்டேங்குதே” என்று வருத்தப்படுவார்கள். ஆகவே ஆபரேஷனுக்குப் போகிற பை என்பது அப்பத்தாவுக்கு என்னைத் தேற்றி எடுக்கக் கிடைத்த வாய்ப்பு. டாக்டர் என்ன சொன்னாரோ அது வேறு. ஓலைக் கொட்டானில் கருப்பட்டியும் சாத்தூர் காராச்சேவும் பாய்ச்சுருளுக்குள் பத்திரமாக மதுரை வந்து சேர்ந்தன.

எனக்கோ அது திருவிழா. காலையில் பாலும் ரொட்டியும், சாயங்காலம் பார்க்க வருகிறவர்கள். வருகிறவர்களின் கையைத்தான் முதலில் பார்ப்பேன், முகத்தை அப்புறம். சாத்துக்குடி என்றால் சாதாரண உறவு, ஹார்லிக்ஸ் பாட்டில் என்றால் நெருங்கிய உறவு என்று மனசுக்குள் ஒரு கணக்கு. அந்த ஹார்லிக்ஸைத் தண்ணீரில் கலக்காமல் கரண்டியோடு வாயில் போட்டு, அது அண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, நாக்கால் நெம்பி நெம்பிக் கரைத்த சுகத்தை இன்றைக்கு எந்தக் கடையில் கேட்டு வாங்குவது? ஊர் திரும்பியதும் சட்டையைத் தூக்கித் தையல் தழும்பைக் காட்டுவதற்குப் பள்ளிக்கூடத்தில் தலைக்கு ஒரு புளிப்பு மிட்டாய் வசூலித்தேன். வியாபாரம் ரத்தத்தில் ஊறிய வட்டாரமல்லவா!

அப்பத்தாவின் ஆசை கொஞ்சம் தாமதமாகப் பலித்தது. சிவகாசியில் காலண்டர் அச்சகத்து நாற்காலியும், ராத்திரி விருதுநகர் எண்ணெய் புரோட்டாவும், ஊர்ப்பக்கம் யார் போனாலும் வாங்கி வந்த ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் சேர்ந்து என்னைத் தேற்றிய தேற்றில், இதோ நாளைக்கு அதே மதுரைக்கு, அதே வயிற்றை, இந்தத் தடவை உடம்பு இளைக்க வேண்டும் என்று அறுக்கக் கொடுக்கப் போகிறேன். பருமனுக்கான ஆபரேஷனுக்கு 1991-இல் அமெரிக்கர்கள் உடல் நிறைக் குறியீடு 40 என்று கோடு போட்டார்கள். ஆசியர்களுக்கு வந்தபோது அது 37.5 ஆகி, சர்க்கரையும் கூட இருந்தால் 32.5 என்று இறங்கியது. நம்மவர்களுக்குச் சலுகை கிடைத்த இடம் பாருங்கள்.

ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியானதிலிருந்து பொங்கல்வரை எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது என்பதால் தை மாதம் என்று முடிவானது. அதிலும் கரிநாளைத் தள்ளு என்கிறாள் மனைவி. நானே ஆயிரக்கணக்கில் அடித்து அனுப்பிய தாளைக் கிழித்து எனக்கே ராகுகாலம் சொன்னாள்.

என்னென்ன எடுத்துவர வேண்டும் என்ற பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்தது. குனியாமல் மாட்டுகிற செருப்பு, முன்பக்கம் பொத்தான் வைத்த தொளதொளச் சட்டை, காலில் ரத்தம் கட்டாமலிருக்க இறுக்கமான காலுறை, மூன்று பந்து மேலெழும்ப உறிஞ்சிப் பழகவேண்டிய மூச்சுப் பயிற்சிக் கருவி, குறட்டைக்காக ராத்திரி முகத்தில் மாட்டுகிற சிபேப் மெஷின், இன்சூரன்ஸ் அட்டை, நீளமான ஒயரோடு சார்ஜர். மேலும் கீழும் தேடினேன். தின்கிற பண்டம் ஒன்றுகூட இல்லை. இரண்டு வாரமாகவே கஞ்சித்தண்ணி, மோர், புரதப் பொடிதான். கல்லீரலில் படிந்த கொழுப்பு வற்றினால்தான் அதை ஒதுக்கிவிட்டு இரைப்பையை எட்ட முடியுமாம். எட்டியபின் முக்கால் பாகத்தை வெட்டி எடுத்து, மிச்சத்தைக் குழாய்போல் ஸ்டேப்ளர் அடித்துவிடுவார்கள். 1999-இல் ஜப்பானியர்கள் கண்டுபிடித்த கிரெலின் என்ற பசி ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பதே வெட்டி எடுக்கிற அந்தப் பகுதியில்தான் என்று டாக்டர் சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு அப்பத்தா முகம் வந்து போனது.

பட்டியலின் கடைசி வரி, உடம்பில் உலோகம் எதுவும் கூடாது. இதொன்றும் எங்களுக்குப் புதிதில்லை. பட்டாசு ஆலைக்குள் நுழைகிறவனிடம் போர்மேன் செல்போனையும் தீப்பெட்டியையும் பிடுங்கிவைத்து, பருத்தித் துணி உடுத்தியிருக்கிறானா என்று பார்த்துத்தானே உள்ளே விடுவார். மோதிரம் சோப்புத் தண்ணீரில்தான் கழன்றது. அரைஞாண் கொடிதான் தகராறு. கல்யாணத்துக்கு மாமனார் போட்ட வெள்ளிக் கொடி, வருஷம்தோறும் ஆசாரி ஒவ்வொரு கண்ணியாக இணைத்து இணைத்து நீண்டதில், கழற்றி மேஜைமேல் வைத்தபோது இரண்டு கொடி வெள்ளி இருந்தது. வெள்ளி விற்கிற விலைக்கு நான் பெருத்ததில் குடும்பத்துக்கு வந்த ஒரே லாபம் அதுதான் என்றாள் மனைவி.

2022-இல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. பாயும் ஸ்டவ்வுமாக மதுரைக்குப் பஸ் ஏறுகிற கூட்டம் குறைந்துபோனது. என் பையும் சக்கரம் வைத்த ஒற்றைப் பெட்டிதான், ஒரு விரலால் இழுக்கலாம். பாதி காலியாகக் கிடந்தது மனைவிக்குப் பொறுக்காமல் மேலே ஒரு போர்வையை அமுக்கிவைத்தாள்.

சித்தப்பா மகன் போன் பண்ணினான். “அண்ணே, மறுநாள் பார்க்க வாரேன். ஹார்லிக்ஸா, பழமா?”

“ஒண்ணும் வேண்டாம்டா. எனக்கு அன்னிக்கு முப்பது மில்லி தண்ணியை மடக் மடக்னு குடிக்கவே அனுமதி இல்லை.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. வெறுங்கையோடு ஆஸ்பத்திரிக்கு வருவது எப்படி என்று அவனுக்குத் தெரியவில்லை, பாவம்.

“அப்ப மதினிக்கு ஏதாச்சும்? வர்ற வழிதானே, விருதுநகர்ல எண்ணெய் புரோட்டா கட்டிக்கிட்டு வரட்டா?”

போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் வாய் திறக்குமுன் அடுப்படியிலிருந்து பதில் போயிற்று: “ரெண்டு செட்டு வாங்கிருங்க தம்பி. சால்னாவைத் தனியாக் கட்டச் சொல்லுங்க.”